ஸ்டோல்பெர்கில் இல்லாத லேத்

போன மாதம் இந்த வலைப்பூவில் ஒரு பின்னூட்டம் வந்தது. அக்டோபரில் ஜெர்மனியின் ஆஹெனுக்கு மேல்படிப்புக்குப் போகிற கோயம்புத்தூர் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள் காலத்தில் விசாவுக்காக லட்சக்கணக்கில் பணத்தை முடக்கி வைக்கிற பிளாக்டு அக்கவுண்ட் கிடையாது, ஓர் இடத்துக்கு இத்தனை பேர் போட்டி கிடையாது. இந்தியர் என்றாலே ராஜ மரியாதையாமே சார், கொடுத்து வைத்தவர்கள்!" படித்ததும் வந்த ஆத்திரத்தில் நான்கு வரி பதில் அடித்தேன், பிறகு அழித்துவிட்டேன். நான்கு வரியில் அடங்குகிற ஆத்திரமா அது? எண்பத்திரண்டு வயதில், ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

நான் போனது 1966-ல். பெயர் மொகைதீன், ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பி.இ. முடித்து முதல் வகுப்பு வாங்கியிருந்தேன். ஆஹெனில் படிக்க இடம் கிடைத்த கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் இடம் உண்டு என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், ஏதாவது ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வாரம் கையால் வேலை செய்து, அதை வாரம் வாரம் ஓர் அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, அங்குள்ள பொறுப்பாளரின் கையெழுத்தோடு கொண்டுவந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று இருந்தது. முதல் பக்கத்தைத் தெரு முழுக்கக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தைக் கப்பலில் வைத்துத்தான் ஒழுங்காகப் படித்தேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்.

பிப்ரவரி கடைசியில் கிளம்பினேன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில், சென்னையிலிருந்து பம்பாய்க்கு ஒரு ரயில், பம்பாயிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குக் கப்பலில் பன்னிரண்டு நாள். அடுத்த வருடம் சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள், அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். ஜெனோவாவில் மாலை 5.40 மணிக்கு ரயில் ஏறி, பாஸலில் ஒரு தடவை, கொலோனில் ஒரு தடவை மாறி, மறுநாள் சாயங்காலம் ஆஹெனில் இறங்கினேன். சுமார் 1,100 கிலோமீட்டர். சென்னையில் தைத்த கோட்டு அந்தக் குளிருக்குச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை மாதிரிதான் இருந்தது.

ஸ்டேஷனுக்குச் செல்வராஜ் அண்ணாச்சி வந்திருந்தார். நாகர்கோவில்காரர், எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர். இருபத்தாறு வாரத்தையும் 1965-லேயே முடித்து, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அப்போதே பழைய ஆள் ஆகியிருந்தார். கடிதத்தில் மட்டும் பழக்கம், பிப்ரவரியிலேயே கிளம்பி வா என்று எழுதியதும் அவர்தான். ஆனாலும் என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். அறை தேட மூன்று நாள் கூடவே அலைந்தார். ஜன்னலில் "அறை காலி" என்று அட்டை தொங்கும். மணியை அடிப்போம். கதவைத் திறக்கிற அம்மாள் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். "இப்போதுதான் போய்விட்டது" என்பாள். நாங்கள் தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அட்டை அப்படியே தொங்கும். ஐந்து வீட்டில் இது நடந்தது. ஆறாவது வீட்டில் இடம் கிடைத்தது, மாதம் 75 மார்க். குளியல் சனிக்கிழமை மட்டும், வெங்காயம் வதக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது. ராஜ மரியாதை!

அண்ணாச்சி வேலை செய்த அதே தொழிற்சாலையில் எனக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். ஆஹெனிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஸ்டோல்பெர்க் என்ற ஊர். காலை 6.18 ரயில், பன்னிரண்டு நிமிடப் பயணம், அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை, ஏழு மணிக்கு வேலை. ஏப்ரல் 4, திங்கட்கிழமை, டை கட்டிக்கொண்டு போனேன். பி.இ. முதல் வகுப்பு அல்லவா! பட்டறைத் தலைவரை அங்கே மைஸ்டர் என்பார்கள். எங்கள் மைஸ்டர் யான்ஸன் ஐம்பது வயதுக்காரர், வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். என் டையைப் பார்த்தார். "அதைக் கழட்டிடு, மெஷின்ல மாட்டும்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அதிலேயே "நீ" போட்டுவிட்டார்.

பிறகு என் கையில் ஒரு ப வடிவ இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கொடுத்தார். எல்லாப் பக்கமும் நேர் மட்டமாக, மூலைகள் சரியாக நிற்கும்வரை அராவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. எத்தனை நாள் என்று கேட்டேன். "முடியற வரைக்கும்" என்றார். பக்கத்து மேஜைகளில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டாம் வகுப்பு முடித்து வந்த, மீசை முளைக்காத பிள்ளைகள். நான் வெப்ப இயக்கவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியவன்!

நம் கல்லூரிகளில் ஆய்வுக்கூடம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அட்டெண்டர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பார். எந்திரத்தை அவரே ஓட்டுவார். நாங்கள் கை கட்டிச் சுற்றி நின்று அளவைக் குறித்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் நான் அரத்தைத் தொட்டது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்கலாம். இங்கே மூன்றாம் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மைஸ்டர் மணிக்கொருதரம் வருவார், துண்டின்மேல் மூலைமட்டத்தை வைப்பார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், இன்னும் மேடுபள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போவார். வாயைத் திறந்து திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

மதியச் சாப்பாடு வேறு ஒரு வேதனை. பன்றி இல்லாதது எது என்று கேட்டால் சமையல்காரி உருளைக்கிழங்கைக் காட்டுவாள். அதை வதக்கியதே பன்றிக் கொழுப்பில் என்று இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும்தான். இப்போது போகிறவர்களுக்கு ஸ்டோல்பெர்கிலேயே துருக்கிக்காரர் கடைகள் இருக்கின்றன, கவலை வேண்டாம்.

ஆறாவது வாரக் கடைசியில்தான் என் துண்டில் மைஸ்டருக்கு வெளிச்சம் தெரியவில்லை. அதையும் ஒரு வார்த்தையில் பாராட்டவில்லை. ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தார், பிறகு "லேத்துக்குப் போ" என்றார். லேத்தில் எட்டு வாரம், அதன்பின் வார்ப்படம், வெல்டிங் என்று செப்டம்பர் வந்துவிட்டது. அறிக்கைப் புத்தகத்தில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அதற்காகக் கவலைப்பட்டேனா என்றால் இல்லை. ரெக்கார்ட் நோட்டு எழுதாத தமிழ்நாட்டு மாணவன் உண்டா? சீனியரின் நோட்டை வாங்கி, சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு, படத்தைப் பென்சிலில் வரைந்து, ஒரு புள்ளி மாறாமல் எழுதுவதுதானே ரெக்கார்ட்? என்னுடைய நான்கு வருட ரெக்கார்டும் அப்படித்தான். அதைத் திருட்டு என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை, ஆசிரியர்கள் உட்பட. செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு அண்ணாச்சி அறையில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"எதுக்கு மக்கா மண்டையப் போட்டு ஒடைக்க? என் புக்கு அலமாரில கெடக்கு. எடுத்து அப்படியே எழுது."

"மைஸ்டரு கண்டுபிடிச்சா என்ன செய்ய அண்ணாச்சி?"

"அவரு தங்கமான மனுசன்டே. என்னய ஒரு வார்த்த கேக்கல. ஹெர் செல்வராஜ், வாங்க, இருங்கன்னு மரியாதயா நாக்காலி போட்டு, கடைசிப் பக்கத்தத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாரு. ரெண்டு நிமிசம் ஆவல."

பன்னிரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அழகான புத்தகம், என் கையெழுத்துக்குக் கல்லூரியில் பரிசே கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 26, திங்கட்கிழமை, மைஸ்டர் மேஜையில் வைத்தேன். கையெழுத்தான புத்தகத்தை அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருடம் சேர்க்கை இல்லை. சேர்க்கை இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் அக்டோபர் கடைசிவரைதான் முத்திரை, அதன்பின் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை மைஸ்டர் என் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வாரத்தில் விரல் வைத்திருந்தார். "இதுல ஜன்னல் பக்கம் இருக்கற லேத்துன்னு எழுதியிருக்கே. மேலே இருந்து வார் போட்டு ஓடற லேத்து. படம்கூடப் போட்டிருக்கே. வா, அதைக் காட்டு" என்றார்.

கூடவே போனேன். ஜன்னல் பக்கம் பச்சை நிற மில்லிங் மெஷின் ஒன்றுதான் நின்றது. ஆறு மாதமாகத் தினம் பார்த்த மெஷின். எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. என் கை எழுதியது, அவ்வளவுதான்.

"அந்த லேத்தைக் கழிச்சுப் போட்டு நாலு வருஷம் ஆச்சு" என்றார். "இந்தப் புத்தகத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! தப்பு செய்தவனுக்கு வருகிற பயம் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. தப்புத்தப்பான ஜெர்மனில் கத்தினேன். நான் வேலை செய்யவில்லையா? ஆறு வாரம் அராவவில்லையா? கை கொப்பளித்ததை நீங்கள் பார்க்கவில்லையா? எங்கள் ஊரில் வேலையை வேறு ஆள் செய்வான், நாங்கள் எழுதுவோம், அதற்கு மார்க் போடுவார்கள். இங்கே வேலையை நான் செய்திருக்கிறேன், எழுத்து மட்டும்தான் வேறு ஆளுடையது. இதற்குப் போய் ஒரு மனிதனை ஊருக்கு அனுப்புவீர்களா? மீசை முளைக்காத பிள்ளைகள் எல்லாம் அரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கோபத்தில் கடைசியாக ஒன்று வாயிலிருந்து விழுந்துவிட்டது. "போன வருஷம் இதே லேத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. 1965-லும் அந்த லேத் அங்கே கிடையாது. ஆக, அண்ணாச்சியும் யாரையோ பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்த மனிதரை நான் பட்டறை நடுவில் நின்று காட்டிக்கொடுத்துவிட்டேன்.

"ஆமா, போட்டேன்" என்றார் மைஸ்டர். தன் அறைக்குப் போய், இரும்பு அலமாரியைத் திறந்து, நூல் கட்டிய ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் தேதி போட்டு ஒரு சீட்டு வைப்பார்கள். யார் செய்தது, எத்தனை துண்டு, எத்தனை கழிவு என்று அதில் இருக்கும். அந்தக் கட்டு முழுக்க என் பெயர். "நீ செஞ்சது இதுல இருக்கு. இதை எழுது" என்றார்.

ஒன்பது நாள் இருந்தது. சனி, ஞாயிறு வெளியே போகவில்லை. நல்ல கையெழுத்து, சிவப்புக் கோடு எதுவும் இல்லை. அந்தச் சீட்டுகளைப் போல மானத்தை வாங்குகிற காகிதத்தை நான் பார்த்ததில்லை. மே 31: ஆறு துண்டு, நான்கு கழிவு. ஜூன் 14: மரை வெட்டும் கருவி துண்டுக்குள்ளேயே முறிந்தது, செய்தது மொகைதீன். அந்த முறிந்த கருவியை நான் கழிவுத் தொட்டியின் அடியில் போட்டு மூடியிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மைஸ்டர் அன்றே எடுத்துப் பார்த்து, சீட்டிலும் எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் கேட்கத்தான் இல்லை. எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போதும் அவரைத் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

அக்டோபர் 6, வியாழக்கிழமை, புதுப் புத்தகத்தைக் கொடுத்தேன். நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார், இரண்டு இடத்தில் அளவைத் திருத்தச் சொன்னார், பிறகு கையெழுத்துப் போட்டார். புத்தகம் கைக்கு வந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "செல்வராஜ் புத்தகத்தில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? அவர்மேல் புகார் கொடுக்கப்போகிறீர்களா?"

"புகார் எதுக்கு? தப்பு என்னுது" என்றார். "அவருக்கு முன்னாடி இன்னொரு இந்தியர் வந்தார். அவர் புத்தகத்துலயும் அந்த லேத்து இருந்துச்சு. ரெண்டையும் நான் பார்த்துட்டுத்தான் போட்டேன். படிச்சவங்க, விருந்தாளிங்க, எப்படியும் ஊருக்குப் போயிடுவாங்க. அங்க போய் அவங்க எதைக் கட்டினா எனக்கென்ன, இடிஞ்சா எனக்கென்னன்னு நினைச்சேன். அவங்க செஞ்ச வேலையை நான் பார்க்கவே இல்ல. உன் வேலையைப் பார்த்துத் தொலைச்சிட்டேன்."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை 10.20-க்குப் புத்தகத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண்மணி முத்திரை குத்தினார், நான் மாணவன் ஆனேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொன்ன அன்றைக்கு வந்ததைவிட அதிகமான கோபம் வந்தது. கதவைத் திறந்து "அறை போய்விட்டது" என்று பொய் சொன்ன அம்மாளாவது எங்களை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாள். இவரோ நாற்காலி போட்டு, "நீங்கள்" போட்டு, கையெழுத்தும் போட்டு, இரண்டு மனிதர்களை ஆளே இல்லை என்று வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்திர வடிவமைப்பில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அனுமதிக் கடிதத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள், தொழிற்சாலைப் பயிற்சி கேட்டிருந்தால் ஊரிலேயே எத்தனை வாரம் கழிக்க முடியும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். கோட்டு அங்கே போய் வாங்குங்கள். ஆய்வுக்கூட அறிக்கையை, அசிங்கமாக இருந்தாலும், அன்றன்றே நீங்களே எழுதுங்கள். கழிவான துண்டையும் எழுதுங்கள், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள். உங்கள் பேராசிரியர் உங்களிடம் கேள்வியே கேட்காமல் சிரித்துச் சிரித்துப் பேசினால், ஊருக்குப் போன் போட்டுப் பெருமை அடிக்க வேண்டாம். எதிரே போய் உட்கார்ந்து, என் வேலையில் எது தப்பு என்று நீங்களாகவே கேளுங்கள். கண்டிப்பான ஆள் கிடைத்தால் திட்டிக்கொண்டே அவரிடம் இருங்கள்.

அண்ணாச்சியிடம், புத்தகம் கொடுத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுத்ததையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு வருசமா வெள்ளைக்காரன ஏச்சிருக்கோம்லா மக்கா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். மைஸ்டர் கடைசியில் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நானும் ஆறு வாரம் அராவுனேன்டே" என்றார். "நல்லாத்தான் அராவுனேன். ஒரு நாளு கூடப் பாக்கலையாமா?"



அடுத்த பிப்ரவரியில் செமஸ்டர் விடுமுறை விட்டதும் எல்லோரும் பாரிஸ் போகத் திட்டம் போட்டோம். அண்ணாச்சி வரவில்லை. சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு வாரம், தினமும் விடியற்காலை ரயிலில் ஸ்டோல்பெர்க் போய், மைஸ்டரின் பட்டறையில் மறுபடி அராவிக்கொண்டிருந்தார். கையெழுத்தும் கையில் இருக்கிறது, படிப்பும் பாதி முடிந்துவிட்டது, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாக்கட்டும் மக்கா. பக்கத்துல நின்னு பாக்கட்டும்."